டயர்ல மட்டும் இல்லாத காத்து

பின்சக்கரம் திடீர்னு நொண்ட ஆரம்பிச்சப்ப நிறைமதி மொதல்ல காத்தத்தான் திட்டினா. காலைல திருநெல்வேலில கெளம்புனதுலேருந்து எல்லாப் பழியும் காத்து மேலதான், வண்டி சாஞ்சு சாஞ்சு போனதுக்கும் காத்து, ஹெல்மெட்டுக்குள்ள யாரோ ஊதற மாதிரி கேட்ட சத்தத்துக்கும் காத்து, ஆனா இது வேற மாதிரி இருக்கே, பின்னாடி ஒரு ஆள் உக்காந்துக்கிட்டு இடுப்ப இப்படியும் அப்படியும் ஆட்டற மாதிரி, ஐயையோ, பிரேக்கத் தொடாத, தொடாத, எத்தன வீடியோல பாத்திருக்க, ஆக்சிலேட்டர மட்டும் விடு, ஹேண்டில இறுக்காத, அப்படித்தான், அப்படித்தான் தங்கம், வண்டி தானா நின்னுச்சு. எறங்கிப் பாத்தா டயர் சப்பையா ரோட்டோட ஒட்டி உக்காந்திருக்கு. வள்ளியூர்லேருந்து ராதாபுரம் போற ரோடு, ரெண்டு பக்கமும் செம்மண்ணு, பனைமரம், பனைமரத்த விட நாலு மடங்கு ஒசரத்துக்கு காத்தாடி, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் வெள்ள வெள்ளையா காத்தாடி, அத்தனையும் ஆனி மாசக் காத்துல வ்வூம் வ்வூம்னு சுத்துது. ஊரு ஒலகத்துக்கே கரண்ட் எடுக்கற அளவுக்கு காத்து, இவ டயர்ல மட்டும் ஒரு பொட்டு இல்ல. சிரிப்பு வந்துச்சு. அழுகைக்கு முன்னாடி வர்ற சிரிப்பா, நெஜ சிரிப்பான்னு ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சா. பயமும் இருந்துச்சு, இல்லேங்கல, ஆனா பயத்துக்கு அடியில வேற ஒன்னு கெடந்து குறுகுறுன்னுச்சு, வெளிய சொன்னா லூசும்பாங்க: பஞ்சர்! எனக்கு! தனியா வந்த மொத டூர்ல, நடுரோட்டுல, நெஜமான பஞ்சர்!

ஏன்னா அவ இதுக்குத் தயாரா வந்திருந்தா. ஆறு மாசமா தூங்கறதுக்கு முன்னாடி பஞ்சர் வீடியோதான் பாத்தா, வேல பாக்கற ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டர்ல டோக்கன் இல்லாத நேரத்துல பஞ்சர் வீடியோ, கல்யாண வீட்டுப் பந்தியில கூட்டு வர்ற வரைக்கும் பஞ்சர் வீடியோ. சீட்டுக்குப் பின்னாடி கட்டியிருந்த பையத் தொறந்து அந்த செவப்பு டப்பாவ எடுத்து, சந்தோஷமா ரோட்டோரம் பரப்பினா. அரம் போட்ட ஊசி, கண்ணு வச்ச ஊசி, கருப்புப் புழு மாதிரி ரப்பர் திரி, ரப்பர் சொல்யூஷன், குட்டிக் கத்தி, கால்ல மிதிக்கற பம்பு. வண்டிய சென்டர் ஸ்டாண்டு போட்டு சக்கரத்தச் சுத்தினா, இந்தா இருக்கு ஆணி, பனை ஓலையில அடிக்கற ஆணி மாதிரி தட்டத் தலையோட. பிடுங்கினா. அரத்த உள்ள விட்டு நல்லாக் குடைஞ்சா, வீடியோல வர்ற ஆள் மாதிரியே நாக்கக் கடிச்சுக்கிட்டு குடைஞ்சா, திரியக் கோத்து உள்ள குத்தி, சரக்குனு ஊசிய இழுத்தா. சூப்பர். வால் மாதிரி நீட்டிக்கிட்டிருந்த திரிய நறுக்கினா. பம்ப மாட்டி மிதிச்சா, அம்பது மிதி, நூறு மிதி, டயர் ஏறவே இல்ல, எங்கயோ புஸ்ஸுனு ஒரு சத்தம், காத குடுத்துக் கேட்டா ஆணி போட்ட எடத்துல இல்ல, ஒவ்வொரு ஸ்போக்கோட அடியிலேருந்தும் புஸ்ஸு, புஸ்ஸு, புஸ்ஸு. ஸ்போக்கு. அவ அப்படியே மண்ணுல உக்காந்துட்டா. ஸ்போக்கு வீலுடி எரும. இது டியூப்பே இல்லாத டியூப்லெஸ் டயருக்கான டப்பா, மூணு வாரத்துக்கு முன்னாடி வரைக்கும் வண்டில இருந்தது அலாய் வீலு, அப்ப இது சரி, ஆனா நீதான் டூர் வண்டின்னா ஸ்போக்கு வீல் இருந்தாத்தான் கெத்துன்னு மாத்துன, மெக்கானிக் படிச்சுப் படிச்சு சொன்னாரு, உள்ள டியூப் வரும்மா டியூப் வரும்மான்னு, நீ அந்த நேரம் பாத்து வண்டிய எந்தப் பக்கமா நிறுத்தி போட்டோ எடுத்தா ஸ்போக்கு வெயில்ல மின்னும்னு பாத்துக்கிட்டிருந்த. அதவிடப் பெரிய கூத்து, அரத்த விட்டு அந்தக் குடை குடைஞ்சதுல டியூப்போட அந்தப்பக்கமும் பொத்தலாயிருக்கும். ஆணி போட்டது ஒரு ஓட்ட, அவ போட்டது இன்னொன்னு.

போன எடுத்தா. வச்சா. திரும்ப எடுத்தா. 'தண்ணிகேன்'னு ஒரு பேரு, அத அமுக்கினா அண்ணன் திருமாறன் எடுப்பான், திருச்சில தண்ணி கேன் போடற ஏஜென்சி வச்சிருக்கான், கேன் ஏத்தற மினி லாரி இருக்கு, அஞ்சாறு மணி நேரத்துல இங்க வந்துருவான், வண்டிய ஏத்திருவான், அதோட கத முடிஞ்சுது. கெளம்பறதுக்கு மொத நாள் அம்மாவ சாட்சிக்கு வச்சுக்கிட்டுப் போட்ட பந்தயம்: நீ திருச்சி திரும்பற வரைக்கும் எனக்கு ஒரு போன் போட்டாலும், எதுக்குப் போட்டாலும், வண்டிச் சாவி என் கையில, அப்புறம் பஸ்ஸுதான் உனக்கு. எதுக்குப் போட்டாலும்னு ஏன் சொன்னான்னா, வழி கேக்கத்தான் போட்டேன், சும்மா போட்டேன்னு இவ நழுவுவான்னு அவனுக்குத் தெரியும், கூடப் பொறந்தவனாச்சே. அம்மா கேட்டாங்க, நான் பேசலாமா கூடாதாடா? நீ பேசிக்க, நான் பேச மாட்டேன், அவளும் எனக்குப் போன் போடக்கூடாது. இவளும் எகிறிக்கிட்டு சரின்னுட்டா. சரின்னு சொன்ன வாய இப்ப என்ன பண்ண. ஒரு காத்தாடியோட நெழல் ரோட்டக் கடந்து அவ மேல வந்து போச்சு, அடுத்த நெழல் வந்து போச்சு, வெயில், நெழல், வெயில், நெழல், யாரோ லைட்டப் போட்டுப் போட்டு அணைக்கற மாதிரி. வீட்ல ஏதாச்சும் ரிப்பேர்னா அண்ணன் கையில ஸ்பேனர், இவ கையில டார்ச்சு. மிக்ஸி ரிப்பேர்னாலும் டார்ச்சு, மோட்டார் ரிப்பேர்னாலும் டார்ச்சு, பதினஞ்சு வருஷம் டார்ச்சு புடிச்சிருக்கா, இங்க காட்டுடி, அங்கயில்லடி இங்க, கை ஆடுது பாரு, ஒரு டார்ச்சு புடிக்கத் தெரியல. ஒரு தடவகூட அந்த ஸ்பேனர் இந்தக் கைக்கு வந்ததில்ல. அவன் கெட்டவன்லாம் இல்ல, அதுதான் பிரச்சனையே, நல்லவன், கூப்பிட்டா ஓடி வந்துருவான், ஓடி வந்து எல்லாத்தையும் அவனே செஞ்சுருவான். அப்ப ஒரு வெள்ளக் காரு வேகத்தக் கொறச்சுச்சு, உள்ள நாலு பசங்க, கண்ணாடி எறங்குச்சு, "என்னங்க, ஹெல்ப் எதுனாச்சும்?" அதுல ஒருத்தன் கேக்கும்போதே போன தூக்கி வீடியோ எடுக்கறான். "இல்லங்க, அண்ணன் பின்னாடியே வண்டில வராரு." யோசிக்காம வாய் தானா சொல்லுச்சு. காரு போச்சு. போன் போடாமலே அண்ணனக் கூப்பிட்டாச்சேன்னு நெனச்சப்ப அவளுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இது பந்தயத்துல சேருமா? சேராது. சேருமோ?

அந்த நேரத்துல ஒரு டிவிஎஸ் எக்ஸெல்லு வந்துச்சு, வந்துச்சுன்னா வண்டி தெரியல, இரும்புச் சட்டியும் தோசக்கல்லும் வாணலியும் ஒரு குன்று மாதிரி வந்துச்சு, கடகடகடன்னு, அந்தக் குன்றுக்கு முன்னாடி நைட்டிக்கு மேல ஆம்பளச் சட்ட போட்டு, தலையில துண்டக் கட்டுன ஒரு அம்மா, நாப்பது நாப்பத்தஞ்சு இருக்கும். தாண்டிப் போயி, நிறுத்தி, காலால உந்தி உந்தி பின்னாடி வந்தாங்க. "ஏ பிள்ள, என்ன, வண்டி படுத்துட்டா?" "ஆமாக்கா. பஞ்சர்." "எங்கேருந்து வாற?" "திருச்சி." "யம்மாடி! தனியாவா? ஆம்பள யாரும் கூட வரலயா?" "உங்ககூடவும் யாரும் வரலயேக்கா." அந்தம்மா ஒரு செகண்டு பாத்தாங்க, அப்புறம் சட்டியெல்லாம் ஆடற அளவுக்கு ஒரு சிரிப்பு. "வாயப் பாரு! நான் ஏவாரத்துக்குப் போறேம்ட்டி. நீ என்ன ஏவாரத்துக்குப் போற?" "சும்மா சுத்திப் பாக்கக்கா. கன்னியாகுமரி வரைக்கும்." "சும்மாவா? சும்மா போறதுக்கு இம்புட்டுப் பெரிய வண்டியா? சும்மா போறதுக்கு எனக்கு என் காலு போதும்." பேரு இசக்கியம்மாவாம், ஆனா பேரச் சொன்னா ஒருத்தருக்கும் தெரியாதாம், கரண்டிக்காரின்னா பணகுடி வரைக்கும் தெரியுமாம். "பஞ்சர் கடைக்கு ராதாபுரந்தான் போணும். இன்னைக்கு கடக்காரன் மச்சினிச்சி கல்யாணம், தொறந்திருக்க மாட்டான். போனப் போட்டு வீட்டு ஆளு யாரையாவது வரச் சொல்லு பிள்ள." வரச் சொல்லு. மதிக்கு கட்டவெரலு தானா போன் பக்கம் போச்சு. அப்பதான் கண்ணுல பட்டுச்சு. சட்டியெல்லாம் உருண்டுறாம அந்தம்மா வண்டியோட வரிஞ்சு வரிஞ்சு கட்டியிருந்தது கயிறு இல்ல. பழைய சைக்கிள் டியூப்ப நீளமா கிழிச்ச பட்ட. டியூப்பு! ஒட்டறதுக்கு சொல்யூஷன் இருக்கு, சுரண்டறதுக்கு அரம் இருக்கு, இல்லாதது ஒரு துண்டு ரப்பர் மட்டுந்தான், அது கண்ணு முன்னாடி இழுத்துக் கட்டிக்கிட்டு நிக்குது. "அக்கா, அந்த டியூப் கயித்துல ரெண்டு வெரக்கட அளவு தருவீங்களா?" கேட்டுக்கிட்டே கத்தியோட கை போயிடுச்சு. "ஏட்டி ஏட்டி! அங்கன அறுக்காத, அம்புட்டுச் சட்டியும் நடுரோட்டுல ஒப்பாரி வைக்கும்! இந்தா, வாலு தொங்குதுல்லா, இத அறு."

ரப்பர் வந்துருச்சு, டயர எதால நெம்பறது? பஞ்சர் கடையில நீளமா தட்டையா ஒரு கம்பி இருக்குமே, அது மாதிரி ரெண்டு வேணும், இவ டூல் கிட்டுல இருந்த ஸ்பேனர் சுண்டுவெரல் தண்டி. இசக்கியம்மா ஒன்னும் கேக்கல, குன்றுக்குள்ள கைய விட்டு ரெண்டு தோசக்கரண்டிய உருவினாங்க, முழு இரும்பு, கைப்பிடியும் இரும்பு, அடிச்சா எருமகூட விழும். "இது வளையாது. எங்க பட்டறச் சரக்கு. வளஞ்சா நான் இந்த ஏவாரத்தையே விட்டுருதேன்." "வளஞ்சாலும் வளையாட்டியும் ரெண்டையும் நானே வாங்கிக்கறேங்க்கா." "அப்பம்னா குத்து பிள்ள, நல்லாக் குத்து!" சக்கரத்தக் கழட்ட வேண்டாம், ஆணி பட்ட எடத்துல மட்டும் டயரோட ஓரத்தத் தூக்கி டியூப்ப வெளிய இழுத்தாப் போதும், இதுவும் ஏதோ ஒரு வீடியோல பாத்ததுதான், அன்னைக்கு நமக்கு எதுக்குன்னு பாதியில தள்ளிவிட்டா, தள்ளிவிட்ட பாதியில என்ன இருந்துச்சோ தெரியலயே, சரி, பாத்த பாதிய வச்சு ஆரம்பிப்போம். பூட்ஸ் குதிகாலால டயர் பக்கவாட்டுல மிதிச்சா. அசையல. இசக்கியம்மா செருப்பக் கழட்டிட்டு அவங்களும் மிதிச்சாங்க, "சவத்து மூதி, எறங்கு, எறங்கு," ரெண்டு பேரும் மாத்தி மாத்தி, ரோட்டுல போற யாராச்சும் பாத்தா ரெண்டு பொம்பளைங்க ஒரு வண்டிய அடிச்சுக்கிட்டிருக்காங்கன்னுதான் நெனப்பாங்க, பொளக்னு ஒரு சத்தம், டயர் ஓரம் ரிம்ம விட்டு எறங்கிருச்சு. ஒரு கரண்டிய விட்டு நெம்பி இசக்கியம்மா கையில குடுத்தா, நாலு வெரக்கட தள்ளி இன்னொன்னு. நெம்பினா வழுக்குது, வழுக்கி வெரலு முட்டியில வாங்குது, ரத்தம், பரவால்ல, ரத்தமா, பரவால்லங்கறேன்ல, திரும்ப நெம்பு. "இங்கன புடிக்கட்டா, அங்கன புடிக்கட்டா?" "இங்கக்கா, இல்ல இல்ல, இங்க, கை ஆடுது பாருங்க" சொல்லி முடிக்கறதுக்குள்ள மதி நாக்கக் கடிச்சுக்கிட்டு சிரிச்சுட்டா, இது யாரு குரலுன்னு அவளுக்குத் தெரியும், அச்சு அசலா அண்ணன் குரலு. "என்ன பிள்ள சிரிக்க?" "ஒன்னுமில்லக்கா, நீங்க நல்லாப் புடிக்கறீங்க." முன்னாடி குத்தின திரியப் பிடுங்கிப் போட்டதும் டியூப்பு வெளிய வந்துச்சு, பாம்புக் குட்டி மாதிரி நெளிஞ்சு, சூடா. பெரிய இரும்புச் சட்டியில ரெண்டு பாட்டில் குடிதண்ணிய ஊத்தி, கொஞ்சம் காத்தடிச்சு டியூப்ப அமுக்கினா முட்ட முட்டையா குமிழி வருது, இந்தப் பக்கம் ஒன்னு, திருப்பினா அந்தப் பக்கம் ஒன்னு. "ரெண்டு ஆணியா?" "ஒன்னு ஆணிக்கா. இன்னொன்னு நானு." "செரியாப்போச்சு! பொழுது போவலன்னு நீயும் ஒன்னு குத்துனியாக்கும்!"

தொடச்சு, அரத்தால சுரண்டி, சொல்யூஷன் தடவியாச்சு. தடவின ஒடனே ஒட்டக்கூடாது, காயணும், அஞ்சு நிமிஷம். அஞ்சு நிமிஷம் எவ்வளவு பெருசுன்னு இன்னைக்குத்தான் பாக்கறா. சொல்யூஷன் வாசன மூக்குல ஏறுது, அவளுக்கு எப்பவும் புடிச்ச வாசன, பெட்ரோல் பங்க்ல நிக்கறப்ப மூச்ச நல்லா இழுத்துக்குவா, அம்மா மண்டையில கொட்டுவாங்க. ஒட்டலன்னா? ஒட்டலன்னா போன். சைக்கிள் டியூப் ரப்பரு இவ்வளவு பெரிய வண்டியத் தாங்குமா? தாங்கலன்னா போன். மண்ணு பட்டுருச்சோ, இந்தக் காத்துல செம்மண்ணு பறக்குதே, கைய குடையாட்டம் கவுத்து வச்சுக்கிட்டா. சாவி அண்ணன் பாக்கெட்டுல இருக்கற மாதிரி ஒரு படம் ஓடுச்சு, தண்ணி கேன் ரசீது, பேனா, அதுக்கு நடுவுல இவ வண்டிச் சாவி, வண்டி வீட்டு வாசல்ல உறைய மாட்டிக்கிட்டு நிக்குது, இவ காலைல எட்டு பத்து பஸ்ஸுல கம்பியப் புடிச்சுக்கிட்டு, சன்னல்ல எவளோ ஒருத்தி வண்டி ஓட்டிட்டுப் போறதப் பாத்துக்கிட்டு. இசக்கியம்மா பக்கத்துல சப்பணம் போட்டு உக்காந்து எலுமிச்ச சாதப் பொட்டலத்தப் பிரிச்சாங்க. "வாயத் தொற. உன் கையி அசிங்கமா இருக்கு." ஊட்டி விட்டாங்க. புளிப்பு, உப்பு, நடுவுல கொஞ்சம் செம்மண்ணு, கடுகு மாதிரியே நறநறன்னு. "இந்த வண்டி எம்புட்டு வேகம் போவும்?" "நூத்திப்பத்து போகுங்க்கா." "என் வண்டி நாப்பதுக்கு மேல போனா சட்டி பறந்துரும்." அப்படி சொன்னப்ப அந்தம்மா கண்ணு வண்டி மேல ஒரு நிமிஷம் கூடுதலா நின்னுச்சு, மதி அதப் பாத்தா. அஞ்சு நிமிஷம் ஆச்சு. ஒட்டினா, சட்டியக் கவுத்து அது மேல டியூப்ப வச்சு கரண்டிக் காம்பால தட்டினா, ரெண்டு பக்கமும், தட்டித் தட்டி அமுக்கி, உள்ள தள்ளி, டயர் ஓரத்த ஏத்தி, டியூப்பு எங்கயும் கடிபட்டுறக்கூடாது சாமி, கடிபட்டுறக்கூடாது, பம்ப மிதிச்சா. இருவது. அம்பது. டயர் நிமிருது. எண்பது. இருக்கு. நூறு. காத குடுத்துக் கேட்டா, காத்தாடி வ்வூம், பனை ஓல சரசர, அவ நெஞ்சு திக்குதிக்கு, புஸ்ஸு மட்டும் இல்ல. நூத்தம்பது. "இரும்பு மாதிரி இருக்கு பிள்ள!" இசக்கியம்மா கையால தட்டிப் பாத்துட்டு சொன்னாங்க. மதி நம்பல, இன்னும் பத்து நிமிஷம் பாப்போம்னு சொன்னா. ரெண்டு பேரும் டயரையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க, அடுப்புல பால் வச்ச மாதிரி. எறங்கல. அரக் கிலோமீட்டர் ஓட்டிட்டுத் திரும்பி வந்தா. எறங்கல! இசக்கியம்மாவக் கட்டிப் புடிச்சா, சட்டையெல்லாம் கருப்புக் கை அடையாளம், "ஏ மூதி, இது என் வீட்டுக்காரரு சட்டட்டி!" திட்டிக்கிட்டே அவங்களும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் ரெண்டு கரண்டிக்கும் காச வாங்கிக்கிட்டு, குன்றத் திரும்ப வரிஞ்சு கட்டிக்கிட்டு, கடகடகடன்னு போயிட்டாங்க.

தனியா நின்னா. ஊஊஊன்னு கத்தினா, காத்து அத வாங்கிக்கிட்டுப் போச்சு. கையெல்லாம் கருப்பு, வெரல் முட்டியில ரத்தம் காஞ்சு போயிருக்கு, இப்படி ஒரு கை அவளுக்கு இருந்ததே இல்ல, போட்டோ எடுத்தா, டயர போட்டோ எடுத்தா, ஓடி ஆடணும் போல, ரோட்டுல உருளணும் போல, யார்கிட்டயாச்சும் சொல்லணும், இப்பவே, இந்த நிமிஷமே, "அண்ணே! பஞ்சருண்ணே! நானே போட்டுட்டேன்! ரெண்டு ஓட்டண்ணே, ஒன்னு ஆணி, ஒன்னு நானு, தோசக்கரண்டிய வச்சு நெம்பி, எக்ஸெல்லு கட்டற டியூப் பட்டைய அறுத்து ஒட்டி, சட்டில தண்ணி ஊத்திப் பாத்து, ஒரு பொட்டு காத்து எறங்கலண்ணே! அண்ணே? கேக்குதா?" அப்பதான் போன் கையில இருக்கறது மதிக்கு ஒறச்சுச்சு. முழு ரிங்குகூடப் போகல, பாதி ரிங்குல எடுத்திருக்கான், போன கையிலயே வச்சுக்கிட்டு இருந்தவன் மாதிரி. "மதி," அண்ணன் மெதுவா சொன்னான். "ம்." "அடி கிடி படலயே?" "இல்ல." "எனக்குப் போன் போட்டுட்ட." "ம்." "உதவிக்குப் போட்டாலும்னா சொன்னோம், எதுக்குப் போட்டாலும்னா சொன்னோம்?" பொய் சொல்லலாம். அம்மாவத்தான கேப்பான், அம்மா இவ பக்கந்தான் சொல்லுவாங்க. "எதுக்குப் போட்டாலும்." "அப்ப தோத்துட்ட." "தோத்துட்டேன்." காத்தாடி நெழல் வந்து போச்சு. மறுபடி வந்து போச்சு. "சாவி என் கைக்கு வந்துட்டா, அத நான் யாருக்கு வேணா குடுக்கலாம்ல?" "குடுக்கலாம்." "அப்ப சரி. அவசரமில்ல, கன்னியாகுமரி பாத்துட்டு, சுத்த வேண்டியதெல்லாம் சுத்திட்டு, நீயே ஓட்டிட்டு வந்து குடு." அவன் குரல்ல சிரிப்பு இருந்துச்சு, அவ்வளவுதான்னு வைக்கப் போனவன் வைக்கல, தொண்டையக் கனச்சுக்கிட்டான். "அந்த ரெண்டாவது கரண்டிய எந்தப் பக்கம் விட்ட? இல்ல, நான் டயர நெம்பறப்பல்லாம் டியூப்பு கடிபட்டுருது. அதான் கேட்டேன்." மதி ஸ்டாண்டு போட்ட வண்டியில சாஞ்சுக்கிட்டு, வெயில்ல, நெழல்ல, வெயில்ல, ஒன்னொன்னா, மொதல்லேருந்து, வெளக்க ஆரம்பிச்சா. ஒன்னே ஒன்னு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க: ஜெயிச்சுட்டு நிக்கறப்ப, அதச் சொல்றதுக்கு, யார ஜெயிக்கணும்னு பந்தயம் கட்டுனீங்களோ அந்த ஒரு ஆளத் தவிர வேற ஒருத்தரும் ஞாபகத்துக்கே வராமப் போனது உங்களுக்கும் நடந்திருக்கா இல்லையா?